பூஜைக்குப் பிறகு சாய்ந்த எழுத்து

திருச்செங்கோடு
12.10.1987

அன்புள்ள அண்ணாவுக்கு, தங்கை கமலவேணி எழுதுவது.

பெரியப்பா வீட்டில் எல்லோரும் சௌகரியம். வெண்ணந்தூரில் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். மெட்ராஸ் தண்ணீர் இப்போதாவது உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் உங்கள் கம்பெனியிலிருந்து நீங்களே கொண்டுவந்து இறக்கிய கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. அதோடு வந்த பிரிண்டருக்குத்தான் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆயுத பூஜை கழிந்து திங்கட்கிழமை வந்து சீட்டு அடித்தால் தமிழ் எழுத்து ஒன்றுகூட வரவில்லை. ஆங்கில எழுத்துகள் காற்றடித்த சோளத்தட்டு மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. நடுநடுவே தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஏதேதோ குறிகள். திரையில் பார்த்தால் தமிழ் அழகாகத் தெரிகிறது. காகிதத்தில் வந்தால் இந்தக் கூத்து.

நீங்கள் அறியாததல்ல. ஆழ்துளைக் கிணறு போட்டு முடித்ததும், எத்தனை அடி வரை மண், எங்கே பாறை, எங்கே தண்ணீர் என்று விவசாயிக்குத் தமிழில் சீட்டு கொடுப்பது இந்த ஊரில் நம் ரிக் கம்பெனி ஒன்றுதான். பெரியப்பா அதைச் சொல்லிச் சொல்லித்தான் ஆள் பிடிக்கிறார். போன வாரம் சென்னிமலை என்று ஒரு விவசாயி வந்தார். சீட்டை வாங்கி நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, எனக்குத் தண்ணி வந்துச்சுங்களா, இல்லீங்களா?"

"வந்துச்சுங்க. நல்ல தண்ணிங்க."

"அப்பறம் எதுக்குங்க எனக்கு மட்டும் வேத்து நாட்டுக் கடுதாசி? ஏமாத்தறீங்களாட்ட இருக்குது."

அவரைச் சமாதானம் செய்து கையால் எழுதிக் கொடுத்தேன். பெரியப்பா மகன் நாச்சிமுத்து அண்ணன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே, "இதுக்குத்தான் பொம்பளப் புள்ளைக்கு மிஷினு வேண்டாமுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு மாதம் ஒரு பிழை இல்லாமல் அடித்தபோது அந்த வாய் எங்கே போயிருந்தது?

கெட்டுப்போன சீட்டு ஒன்று இதில் வைத்திருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுதுங்கள்.

தங்கள் அன்புத் தங்கை
கமலவேணி


மெட்ராஸ்
19.10.1987

அன்புள்ள கமலவேணிக்கு, வேலுமணி எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, வயிறுதான் அவ்வப்போது தகராறு செய்கிறது. பெரியப்பா, பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் சீட்டைப் பார்த்தேன். பயப்பட ஒன்றும் இல்லை. முதலில் ஒன்றைப் புரிந்துகொள். அந்தப் பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. கம்ப்யூட்டர் அதற்கு எழுத்தை அனுப்புவதில்லை, எண்களைத்தான் அனுப்புகிறது. காலையில் நீ பிளாப்பியைப் போட்டு ஏற்றும்போது, இந்த எண் வந்தால் 'த' வடிவம் போடு, இந்த எண் வந்தால் 'ண' வடிவம் போடு என்று அதற்குச் சொல்லித்தருகிறோம். சொன்னது அதன் மனதில் நிற்காவிட்டால், அதே எண்ணுக்குத் தன்னிடம் பிறவியிலேயே இருக்கும் சாய்ந்த எழுத்தை அடித்துவிடும். அனுப்புகிறவன் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, வாங்குகிறவன் வேறு கணக்கு வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே கோளாறு பிளாப்பியில்தான் இருக்க வேண்டும். நீ அதன் நடுவே தெரியும் கறுப்புப் பகுதியில் விரலை வைத்திருப்பாய். அல்லது டெலிபோனுக்கு அடியில் வைத்திருப்பாய். கவனமாக இரு என்று அத்தனை தடவை சொன்னேன். புதிய பிளாப்பி ஒன்றைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதைப் போட்டால் சரியாகிவிடும். நாச்சிமுத்து பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்
வேலுமணி


திருச்செங்கோடு
2.11.1987

அன்புள்ள அண்ணாவுக்கு கமலவேணி எழுதுவது.

இங்கே மழை விட்டபாடில்லை, பெரியம்மாவுக்குக் காய்ச்சல் வந்து இறங்கிவிட்டது. தீபாவளிக்கு நீங்கள் வராததில் அம்மாவுக்கு வருத்தம். உங்கள் வயிறு எப்படி இருக்கிறது?

பிளாப்பி வந்தது. உறையின் மேல் 'மடக்காதீர்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள். மடக்கவில்லை. அதன் நடு நெஞ்சில் ஓங்கித் தபால் முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். இருந்தும் அது ஒழுங்காக ஓடியது. ஆனால் எழுத்து அதே சாய்ந்த எழுத்துதான். நான் எந்தக் கறுப்புப் பகுதியிலும் விரல் வைக்கவில்லை என்பதை இப்போதாவது நம்புவீர்களா? டெலிபோன் பெரியப்பா மேசையில் இருக்கிறது. என் மேசைக்கு அது வந்ததே இல்லை.

போன புதன்கிழமை உங்கள் கம்பெனியின் கோயமுத்தூர் ஆள் வந்தார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்தார். ஆங்கிலம் முத்து முத்தாக வந்தது. "மிஷின் நன்றாக இருக்கிறது" என்றார். தமிழைச் சரி செய்யுங்கள் என்றேன். அதற்கு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நாச்சிமுத்து அண்ணனைப் பார்த்து, "புதுசா யாராவது படிச்ச பையனை வெச்சுக்குங்க சார்" என்றார். காகிதத்தில் 'இயக்குபவரின் பிழை' என்று எழுதி, பெரியப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போனார். அண்ணா, நான் பி.காம். அந்த ஆளைவிட வேகமாக அடிக்கிறேன். என்ன பிழை செய்தேன் என்று கேட்டால் அவரால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. பிழை மட்டும் என்னுடையதாம்.

பெரியப்பா நேற்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "சாமி, கார்த்திகை தீபம் முடியட்டும். அதுக்குள்ள ஆவலீன்னா மிஷினத் திருப்பி அனுப்பிப்போட்டு, நீயும் வெண்ணந்தூர் போயிரு. தம்மம்பட்டியில ஒரு எடம் வந்திருக்குது." மிஷினையும் என்னையும் ஒரே லாரியில் ஏற்றிவிடப் பார்க்கிறார். இந்த நாற்காலியில் உட்கார நான் எத்தனை பேரிடம் கெஞ்சினேன் என்பது உங்களுக்குத் தெரியும். இதை விட்டால் எனக்கு இன்னொரு நாற்காலி இந்த ஜில்லாவில் கிடைக்காது.

கமலவேணி


மெட்ராஸ்
9.11.1987

அன்புள்ள கமலவேணிக்கு வேலுமணி எழுதுவது.

பெரியம்மாவுக்கு உடம்பு தேறியது அறிந்து நிம்மதி. என் வயிற்றுக்கு மோர் சாதம் கண்கண்ட மருந்தாக இருக்கிறது.

கோயமுத்தூர் ஆள் பேசியது தவறுதான். அதற்காக நீ எல்லோரிடமும் எரிந்து விழாதே. பொறுமையாக யோசி. திரை சரி, பிளாப்பி சரி, ஆங்கிலம் சரி. அப்படியானால் எங்கோ ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. மிஷின் தானாக மாறாது. கடைசியாக நல்ல சீட்டு வந்தது எப்போது, முதலில் கெட்ட சீட்டு வந்தது எப்போது, நடுவில் அதன் பக்கத்தில் போனவர்கள் யார் யார், என்ன செய்தார்கள் என்று ஒன்று விடாமல் எழுது. நீ கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது.

உன் அண்ணன்
வேலுமணி


திருச்செங்கோடு
14.11.1987

அன்புள்ள அண்ணாவுக்கு.

அனைவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

கடைசி நல்ல சீட்டு, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை நான் அடித்தது. முதல் கெட்ட சீட்டு, திங்கட்கிழமை காலை நான் அடித்தது. நடுவில் பூஜை நடந்தது. பூஜை அன்று நான் ஆபீசில் இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

வேறு ஒன்றும் இல்லை.

கமலவேணி


மெட்ராஸ்
20.11.1987

கமலவேணிக்கு வேலுமணி எழுதுவது.

நான் சுகம். உன் கடிதத்தைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. கேட்காதே என்றால் என்ன அர்த்தம்? மிஷின் உன் பொறுப்பு. வருஷத்தில் ஒரு நாள் ஆபீசில் இருக்கிற அத்தனை சாமானையும் எடுத்துத் துடைத்துப் பொட்டு வைக்கிற நாள். அன்றைக்கு நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டாமா? தீபாவளி அன்றுகூட நான் இங்கே வேலை பார்த்தேன். நீ என்ன, சினிமாவுக்குப் போயிருந்தாயா?

இங்கே எங்கள் மேனேஜர் தினமும் என்னைக் கேட்கிறார். என் தங்கை கெட்டிக்காரி, அவள் இருப்பதால்தான் அங்கே தமிழ் மிஷின் கொடுக்கலாம் என்று சொல்லி விற்றவன் நான். இப்போது அவள் பூஜையன்று வேலைக்கு வரவில்லை, காரணமும் சொல்ல மாட்டாள் என்று நான் போய்ச் சொல்லவா? பதில் எழுது.

வேலுமணி


திருச்செங்கோடு
27.11.1987

அண்ணாவுக்கு.

இந்த முறை சுகம் விசாரிக்கப் போவதில்லை. இங்கே நான் சுகமாக இல்லை.

கேட்காதீர்கள் என்றேன், கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். பூஜைக்கு முந்தின இரவு நான் வீட்டுக்குத் தூரமானேன். இதை உங்களுக்கு எழுதுவதற்கு என் கை கூசுகிறது. எழுத வைத்தது நீங்கள்.

ஆனவுடன் நானே போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன். பின்கட்டு அறையில் பாயைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் கிடந்தேன். பூஜைக்கு எல்லோரும் குளித்துப் புதுத்துணி கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். எனக்குத் தட்டு தனி, டம்ளர் தனி. நான்காம் நாள் தலைக்குக் குளித்து, ஆபீசுக்கு வந்து, அடித்தேன். சாய்ந்த எழுத்து வந்தது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. கோயமுத்தூர் ஆள் போன பிறகு பெரியம்மா ஒரு நாள் எல்லோர் எதிரிலும், "அவ ராத்திரிதான் சொன்னா. பொழுதோட ஆபீசுல இருக்கையிலயே ஆயிருக்கும். மறைச்சுக்கிட்டு மிஷினத் தொட்டுட்டா. இல்லீன்னா பூசைக்குப் பொறகு எப்புடிக் கெடும்?" என்றார். அன்றிலிருந்து இதுதான் பேச்சு. டிரைவர்கள் முதற்கொண்டு எல்லோருக்கும் தெரியும். நாச்சிமுத்து அண்ணன் காலண்டரைப் பார்த்து என் நாளை எண்ணுகிறார். ஒரு ஆண்பிள்ளை காலண்டரில் விரலை வைத்து என் நாளை எண்ணுகிறார், நான் அதே அறையில் உட்கார்ந்து தட்டச்சு அடிக்கிறேன். தம்மம்பட்டிக்காரர்கள் காதுக்கும் போய்விட்டது, மறைக்கிற பெண் வேண்டாம் என்றார்களாம். அந்த மாப்பிள்ளை போனதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. மறைத்தேன் என்ற பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. நான் மறைக்கவில்லை அண்ணா. மறைத்திருந்தால் பூஜையன்று ஆபீசில் இருந்திருப்பேன், யாரையும் மிஷினைத் தொட விட்டிருக்க மாட்டேன்.

ஊரைக் காக்கிற மலைமேல் சாமியே பாதிப் பொம்பளை. தேருக்கு முன்னால் விழுந்து கும்பிடுகிற இவர்கள்தான், என் கை பட்டால் எழுத்து சாய்ந்துவிடும் என்கிறார்கள். அந்தப் பாதியை என்ன செய்வார்கள்?

அடுத்த வெள்ளிக்கிழமை ஐயரை வைத்து மிஷினுக்குப் புண்ணியார்ச்சனை செய்யப் போகிறார்கள். அதற்கும் சரியாகாவிட்டால் சனிக்கிழமை நான் வெண்ணந்தூர் போகிறேன். நான் சினிமாவுக்குப் போகவில்லை என்று உங்கள் மேனேஜரிடம் சொல்லுங்கள்.

கமலவேணி


எக்ஸ்பிரஸ் டெலிவரி
மெட்ராஸ்
30.11.1987

என் அம்மணி கமலவேணிக்கு.

உன் கடிதத்தைப் படித்தேன். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நம் வீட்டில் வளர்ந்த எனக்கே புரிந்திருக்க வேண்டும்.

நீ எழுதியதில் ஒரு வரி என்னை எழுப்பிவிட்டது. 'யாரையும் தொட விட்டிருக்க மாட்டேன்' என்று எழுதியிருக்கிறாய். உடனே எங்கள் ஆபீசில் இருக்கும் அதே மாதிரி பிரிண்டரை எடுத்துத் துணியால் துடைக்கிறவன் மாதிரி சுற்றிலும் தடவிப் பார்த்தேன். பின்பக்கம் கீழே ஒரு சின்ன மூடி இருக்கிறது. நகத்தால் நெம்பினால் திறக்கும். உள்ளே பல்வரிசை மாதிரி வெள்ளையாகக் குட்டிக் குட்டி சுவிட்சுகள். அதில் இடமிருந்து நான்காவது, நாம் சொல்லித்தரும் எழுத்து வடிவங்களை வைத்துக்கொள்ள இடம் கொடுப்பது. அதைக் கீழே தள்ளினால் நாம் என்ன சொல்லித்தந்தாலும் அது காதில் வாங்காது. தள்ளிவிட்டு உன் சீட்டை அடித்தேன். நீ அனுப்பிய அதே சாய்ந்த எழுத்து, அதே புள்ளி, அதே கோடு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒரு இம்மிகூட வித்தியாசம் இல்லை. நான் அடித்ததை இதில் வைத்திருக்கிறேன். என் ஆபீசில் யாரும் தூரமில்லை.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூடியைத் திற. நான்காவது பல் கீழே இருந்தால் குண்டூசியால் மேலே தள்ளு. பிறகு வழக்கம்போல் பிளாப்பியை ஏற்றி அடி. பூஜையன்று அந்த மூடியைத் திறந்தது யார் என்று கேள். சாந்தமாகக் கேள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


திருச்செங்கோடு
5.12.1987

அன்புள்ள அண்ணாவுக்கு கமலவேணி எழுதுவது.

நான் சுகம். இதை இன்று எழுத முடிகிறது.

உங்கள் கடிதம் வியாழன் மாலை வந்தது. எல்லோரும் கிளம்பும் வரை காத்திருந்து மூடியைத் திறந்தேன். நான்காவது பல் கீழே கிடந்தது. ஐந்தாவதும் பாதிக்கு நின்றது. தள்ளினேன். பிளாப்பியை ஏற்றி அடித்தேன். 'தண்ணீர்' என்று வந்தது அண்ணா. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை பெரியப்பாவிடம், "மிஷினு சரியாயிருச்சுங்க பெரியப்பா, காரணமும் தெரிஞ்சுபோச்சுங்க" என்று சொல்லப் போனேன். "ஐயரு வந்துட்டாரு சாமி, அப்பறம் பேசிக்கலாம்" என்று கையமர்த்திவிட்டார். ஐயர் மாவிலையால் கலசத் தண்ணீரை நாலா பக்கமும் தெளித்தார். மிஷினுக்குள் தண்ணீர் போய்விடுமே என்று பிளாஸ்டிக் உறையை எடுத்து மூடினேன். நாச்சிமுத்து அண்ணன், "மூடிப்போட்டா எப்புடித் தீட்டுப் போகும்?" என்று உறையைப் பிடுங்கினார். நல்லவேளை, ஐயர் விவரமானவர், மிஷினைச் சுற்றித் தரையில் மட்டும் தெளித்தார்.

"இப்ப அடி சாமி" என்றார் பெரியப்பா. அடித்தேன். தமிழ் வந்தது. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களா, தீட்டுக் கழிஞ்ச மாத்திரத்துல!" என்றார் நாச்சிமுத்து அண்ணன். டிரைவர்கள் எல்லாம் மிஷினைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒரு மாதமாக என் தலையில் இருந்த பழி அப்படியே உண்மை என்று முடிவாகிக்கொண்டிருந்தது. சரி, மிஷின் பிழைத்தது, வேலையும் பிழைத்தது, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பெரியம்மா விபூதியை எடுத்துக்கொண்டு வந்து, "இனியாச்சும் மறைக்காத கண்ணு" என்று என் நெற்றியில் வைத்தார். அதோடு என் பொறுமை போய்விட்டது.

மின்சாரத்தை நிறுத்தினேன். மிஷினைத் திருப்பி, எல்லோரும் பார்க்க மூடியைத் திறந்து, குண்டூசியால் நான்காவது பல்லைக் கீழே தள்ளி, மின்சாரத்தைப் போட்டுப் பிளாப்பியை ஏற்றி மறுபடி அடித்தேன். சாய்ந்த எழுத்து. அதே மாதிரி நிறுத்தி, திரும்ப மேலே தள்ளி, ஏற்றி அடித்தேன். தமிழ். மறுபடி கீழே. மறுபடி மேலே. நான்கு சீட்டையும் பெரியப்பா மேசையில் வரிசையாக வைத்தேன். நீங்கள் மெட்ராஸில் அடித்ததையும் பக்கத்தில் வைத்தேன்.

"ஐயரு தண்ணிக்கு மின்னாடி, நேத்துப் பொழுதோடயே இது சரியாயிருச்சுங்க. பூசையன்னைக்கு இந்த மூடியத் தொறந்தது யாருங்க?" என்று கேட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி சாந்தமாகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

நாச்சிமுத்து அண்ணன் பெருமையாகவே பதில் சொன்னார். "நாந்தான் தொறந்தேன். ரிக்கு, கம்ப்ரசரு எல்லாம் கழுவிப்போட்டு இங்க வந்தேன். உள்ளுக்குள்ள பல்லுப்பல்லா என்னமோ இருந்துச்சு, தூசி அடைஞ்சிருந்துச்சு. பல்லு வெளக்குற பிரஷ்ஷ எடுத்து மேலுங்கீழும் நல்லா தேச்சு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. டிரைவர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் தூரமில்லாம இங்க இருந்திருந்தா உங்களத் தொட உட்டிருக்க மாட்டனுங் அண்ணா. தீட்டுன்னு என்னைய உள்ள அடைச்சீங்க. அதனாலதான் மிஷினு கெட்டுச்சு" என்றேன். பெரியம்மா சேலை முந்தானையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியப்பா நியாயம் தெரிந்தவர்தான். நான்கு சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "செரி சாமி. உன்ற மேல தப்பில்ல. நீ இரு, மிஷினும் இருக்கட்டும்" என்றார். சீட்டுகளை அடுக்கி என் கையில் கொடுத்துக்கொண்டே, "ஆனா அந்த மூணு நாளு மட்டும் ஆபீசுப் பக்கம் வேண்டாஞ்சாமி. சாமி படமெல்லாம் இருக்குது" என்றார். இத்தனையும் கண்ணால் பார்த்த பிறகும் அண்ணா!

சென்னிமலைக்குத் தமிழ்ச் சீட்டைத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

கமலவேணி


மெட்ராஸ்
14.12.1987

அன்புள்ள கமலவேணிக்கு வேலுமணி எழுதுவது.

நான் சுகம். உன் கடிதத்தை மேனேஜரிடம் காட்டவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னேன். கோயமுத்தூர் ஆள் எழுதிக்கொடுத்ததை ரத்து செய்து புதிய காகிதம் வருகிறது. இனிமேல் அனுப்பும் மிஷின்களில் அந்த மூடியின் மேல் 'திறக்காதீர்' என்று ஒட்டப் போகிறார்களாம்.

வேலை நிலைத்துவிட்டது, பழியும் போய்விட்டது. மாதம் மூன்று நாள்தானே, ஓய்வு என்று நினைத்துக்கொள். பெரியவர்களிடம் அதற்கு மேல் இழுக்காதே, அறுந்துவிடும். அம்மாவுக்கும் இதுதான் எண்ணம்.

உன் அண்ணன்
வேலுமணி


திருச்செங்கோடு
21.10.1988

அன்புள்ள அண்ணாவுக்கு, கமலவேணி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் இப்போது நடக்க விடுகிறது. உங்களுக்குப் பெண் பார்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், சந்தோஷம். உங்களுக்கு நான் இத்தனை மாதம் விரிவாக எழுதாததற்குக் காரணம் வேலை அல்ல. உங்கள் கடைசிக் கடிதத்தில் 'ஓய்வு' என்று எழுதியிருந்தீர்களே, அந்த வார்த்தைதான். பின்கட்டில் பாயில் கிடந்து பார்த்திருந்தால் அது ஓய்வா என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாதா மாதம் அந்த மூன்று நாளும் சீட்டு அடிக்க ஆளில்லாமல் விவசாயிகள் வந்து வந்து திரும்பிப் போனார்கள். பெரியப்பா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நேற்று முன்தினம் ஆயுத பூஜை. அன்று விடியற்காலையில் நான் மறுபடி தூரமானேன்.

பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் குளித்தேன். பட்டுப்பாவாடைப் பருவத்திலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அன்று சொல்லவில்லை. புதுச்சேலை கட்டிக்கொண்டு எல்லோரோடும் ஆபீசுக்குப் போனேன். நாச்சிமுத்து அண்ணன் வாளியும் பிரஷ்ஷுமாக வந்தார். "இந்த மேசைய நான் பாத்துக்கறனுங்" என்றேன். வாளியைத் தூக்கிக்கொண்டு லாரிப் பக்கம் போய்விட்டார். காய்ந்த துணியால் நானே துடைத்தேன். சந்தனம் குழைத்துத் திரைக்கு ஒரு பொட்டு, பிரிண்டருக்கு ஒரு பொட்டு, பின்பக்கம் அந்தச் சின்ன மூடியின் மேல் ஒரு பொட்டு, எல்லாம் என் கையாலேயே வைத்தேன். சூடம் ஏற்ற மூன்று தீக்குச்சி ஆனது. பயம்தான். சாமியிடம் பயமா, பெரியம்மாவிடம் பயமா என்று எனக்கே தெரியவில்லை.

போன வருஷம் நான் மறைக்கவில்லை, மறைத்தேன் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். இந்த வருஷம் மறைத்தேன், ஒருவர்கூடக் கேட்கவில்லை.

விஜயதசமியன்று காலை முதல் சீட்டை அடித்துப் பெரியப்பா கையில் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். "உன்ற கைராசியே ராசி சாமி" என்றார். பெரியம்மா பொரி கடலை பங்கு வைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவருக்கு நாள் கணக்கு என்றைக்கும் தப்பாது. சத்தம் போடப் போகிறார் என்று நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் பங்கில் இன்னும் ஒரு கை பொரியை அள்ளிப் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தார்.

வருகிற மாதமும் பாயை விரிக்கப் போவதில்லை. இந்த முறை மறைக்கவும் மாட்டேன், பெரியப்பாவிடம் சொல்லிவிட்டே ஆபீசுக்குப் போவேன். வேண்டாம் என்றால் சாமி படத்துக்கு முன்னால் இருக்கிற சீட்டு எந்த நாளில் அடித்தது என்பதையும் சொல்வேன். இழுத்தால் அறுந்துவிடும் என்று மறுபடி எழுதாதீர்கள்.

அதே சீட்டின் இன்னொரு பிரதியை உங்களுக்கு வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்து, மண் எத்தனை அடி, பாறை எங்கே, தண்ணீர் எங்கே என்று ஒவ்வொரு வரியாகப் படித்துப் பாருங்கள். ஓர் எழுத்தாவது சாய்ந்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.

தங்கள் தங்கை
கமலவேணி